கோலைச் சொல்லாமல் இருந்த சனிக்கிழமைகள்

1

போன சனிக்கிழமை எங்கள் சிவப்புச் சட்டைக்காரர் கோல் அடித்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திய பிறகுதான் யோசித்தேன், யாருக்காகப் பொத்துகிறேன் என்று. போன் மேசையில் கிடந்தது. அதில் யாரும் இல்லை.

இந்தக் கிழமை அண்ணனின் ஆண்டுத் திவசம். அதனால் இதை எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன். பேசிப் பதியலாம் என்று மகள் சொன்னாள். பேசுவது எனக்கு இதைவிடக் கஷ்டம்.

நான் இருப்பது டென்மார்க்கில், மேற்குப் பக்கத்துச் சின்ன நகரம் ஒன்றில். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து மடிக்கிற இடத்தில் வேலை. அங்கே பேசத் தேவையில்லை. மெஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. அண்ணன் ஊரிலேயே இருந்தார், திருகோணமலையில், சல்லி என்கிற கடற்கரை ஊரில்.

சனிக்கிழமைகளில் இங்கே மத்தியானச் சாப்பாடு முடிய இங்கிலாந்து உதைபந்தாட்டம் தொடங்கும். அங்கே பொழுதுபடப் போகிற நேரம். அண்ணன் வீட்டில் அண்ணனும் அவருடைய கூட்டாளி நளீம் காக்காவும் இருந்து பார்ப்பார்கள். நான் போனில் அவர்களோடு இருப்பேன். பல வருடங்களாக அப்படித்தான்.

ஒரு சிக்கல். எனக்கு ரீவியில் நேரே வரும். அவர்களுக்கு இன்ரநெற்றில் பிடித்து ரீவிக்கு விட்ட படம். அது ஒரு நிமிடம், சிலவேளை அதற்கும் மேலே, பிந்தித்தான் வரும். ஆனால் கதைக்கிற போன் பிந்தாது. நான் கோலைக் கண்டு அரை நிமிடம் கழித்தும் அவர்கள் அந்தப் பந்து நடு மைதானத்தில் உருளுவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தோம். அவர்கள் காணும்வரை நான் எதுவும் சொல்லக் கூடாது.

எனக்கு அது சுலபம் என்றுதான் நினைத்தேன். முதல் ஆட்டத்திலேயே நளீம் காக்கா கத்தினார்.

"அண்ணே, உங்கட தம்பிக்கு மூச்சை அடக்கச் சொல்லுங்கோ! அவர் மூச்சு விடுற விதத்திலயே கோலெண்டு தெரியுது."

"எந்த ரீமின்ட கோலெண்டும் தெரியுது," என்றார் அண்ணன்.

அதன் பிறகு பந்து கோலுக்குக் கிட்டப் போனால் போனை மியூட்டில் போட்டுவிடுவேன். அவர்கள் சத்தம் எனக்குக் கேட்கும். என் சத்தம் அவர்களுக்குக் கேட்காது.

2

நளீம் காக்கா கிண்ணியாக்காரர். அங்கே முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஐஸ் லொறி வைத்திருக்கிறார். எங்கள் கரைக்கு ஐஸ் கொண்டுவருவார். அண்ணனுக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது ஐஸால் இல்லை. ஒரு வலையால்.

அண்ணன் இளவயதில் ஊர் அணிக்கு விளையாடியவர். பிறகு பெடியன்களைப் பழக்கினார். சுற்றுப்பக்கத்து ஊர்களில் ஆட்டம் நடந்தால் மத்தியஸ்தராகவும் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு நாள் சாம்பல்தீவில் ஆட்டம், சாம்பல்தீவுக்கும் கிண்ணியாவுக்கும். கிண்ணியாவின் கோல் கீப்பர் நளீம் காக்கா. கோல் கம்பத்தில் கட்டியிருந்தது பழைய மீன்வலை. அப்போது எங்கள் பக்கம் எல்லா மைதானத்திலும் அதுதான்.

சாம்பல்தீவுப் பெடியன் ஒருவர் ஓங்கி அடித்தார். பந்து வலைக்குள் கிடந்தது. அண்ணன் கோல் என்று ஊதினார். சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. நளீம் காக்கா சண்டைக்கு வரவில்லை. வலையின் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாராம்.

அண்ணன் போய்ப் பார்த்தார். வலையில் ஓட்டை. அறுந்த நூலின் முனைகள் உள்ளே பார்த்தபடி இருந்தன. பந்து வெளியில் இருந்து வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அண்ணன் திரும்ப ஊதினார். கோல் இல்லை என்றார்.

அடிக்க வந்தார்கள். அடித்தும் இருப்பார்கள், நளீம் காக்காவின் ஆட்கள் நடுவில் வராவிட்டால். கோல் அடித்த பெடியன் வேறு யாரும் இல்லை, அண்ணிக்குக் கூடப்பிறந்த தமையன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அப்போது கலியாணம் பேசி நாளும் வைத்திருந்தது. நாள் தள்ளிப்போனது.

நளீம் காக்கா அண்ணன் இருக்கும்வரை இதைச் சொல்லிச் சிரிப்பார். "தன்ட கலியாணத்தையே ஓஃப்சைட்டில விட்ட மனிசன்!"

அண்ணன் சிரிக்க மாட்டார். "கண்டாப் பிறகு சொல்லத்தான் வேணும். பிந்தினாலும்," என்பார்.

3

வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற முறை வந்ததில் இருந்து சனிக்கிழமைகளில் சண்டை கூடிவிட்டது. நளீம் காக்காவுக்கு அது கண்ணில் காட்டக் கூடாது.

"அந்த அறைக்குள்ள இருக்கிறவன் ஆர் அண்ணே? புல்லை மிதிச்சவனோ? வெயில் குடிச்சவனோ? ஏசிக்குள்ள இருந்துகொண்டு கோடு கீறுறான். கக்கத்து மயிர் ஓஃப்சைட்டாம்! சவரம் எடுத்துப்போட்டு வந்திருந்தா கோலாம்!"

"கோடு கோடுதான் நளீம். ஒரு விரலெண்டாலும் வெளிய நிண்டா வெளியதான்."

"அப்ப அந்தப் பெடியன் ஓடிப்போய்ச் சனத்தைக் கட்டிப்பிடிச்சானே? அந்தச் சந்தோசத்தை ஆர் திருப்பிக் குடுக்கிறது?"

"அது அவனுக்கு. ஆரும் எடுக்கேலாது. கோல்தான் இல்லை."

பாதிநேரம் வந்தால் அண்ணன் பயிற்சியாளர் ஆகிவிடுவார்.

"இடப்பக்கப் பெடியனைப் பார். கோட்டோட ஒட்டி நிண்டு களைக்கிறான். அவனை உள்ளுக்கு எடுக்கவேணும். பின்னால நிக்கிறவனை மேல ஏத்தவேணும். அவங்கட வலப்பக்கத்தான் மஞ்சள் கார்ட் வாங்கிட்டான், இனித் தொடப் பயப்படுவான். அவன்ட பக்கம் ஓடினாக் கதவு திறக்கும்."

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன் அந்தக் கோச்சுக்கு," என்பார் நளீம் காக்கா. "விசா எடுத்துத் தரட்டோ?"

சிலவேளை அண்ணன் சொல்லி முடிக்கும்போதே என் ரீவியில் அது நடந்திருக்கும். கோச் அதே பெடியனை உள்ளே எடுத்திருப்பார். நான் மியூட்டில் சிரித்துக்கொண்டிருப்பேன். ஒரு நிமிடம் கழித்து அண்ணனின் குரல் வரும். "பாத்தியா! பாத்தியா! நான் என்ன சொன்னனான்!"

நான் முதலில் கண்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மகள் ஆரணி சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பெரியப்பாவின் கத்தலுக்குச் சிரிப்பாள். இப்போது வேறு நகரத்தில் தாதிப் படிப்புப் படிக்கிறாள். வந்தாலும் காதில் எதையாவது செருகியிருப்பாள்.

4

போன வருடம் ஆட்டங்கள் தொடங்கிய நேரம். நான் வேலையில் நின்றேன். அண்ணி போன் எடுத்தா. அண்ணி வேலை நேரத்தில் எடுப்பதில்லை. மெஷினை மற்றவரிடம் விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"தம்பி, ஈரலில கட்டியாம். பரவிட்டுதாம். டொக்டர் எனக்கும் நளீம் காக்காவுக்கும்தான் சொன்னவர். காக்காதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர். அண்ணருக்கு வயித்துப் புண் எண்டு சொல்லி வச்சிருக்கிறம். நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ."

"ஓம் அண்ணி."

"கொழும்புக்குக் கொண்டுபோய் மருந்து ஏத்தினாக் கொஞ்சக் காலம் நிப்பாராம். தெரிஞ்சா மனிசன் உடைஞ்சுபோயிடும். சொல்லிப்போடாதீங்கோ தம்பி."

"ஓம்."

எங்கள் ஊரில் இப்படித்தான். நோய்க்காரனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊரில் இருக்கிறவனுக்கு முதலே தெரியும்.

அந்தக் கிழமை ஆரணி வந்திருந்தாள். அவளுக்குச் சொன்னேன்.

"பெரியப்பாக்குத் தெரியாதா?"

"தெரியாது. சொல்லக் கூடாது."

"இங்க டொக்டர் அப்பிடிச் செய்ய ஏலாது அப்பா. அது பெரியப்பாட உடம்பு. அவருக்குத்தான் முதல் சொல்லோணும்."

"அங்க வேற," என்றேன்.

"உடம்பு வேறயா?"

அவள் திரும்ப எதையோ காதில் செருகிக்கொண்டாள்.

5

ஊருக்குப் போகலாமா என்று கேட்கக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன்.

என்னிடம் இருப்பது இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை. அகதிக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். அதில் எழுதியிருக்கும், எல்லா நாட்டுக்கும் செல்லும், இலங்கையைத் தவிர என்று. இந்த நாட்டுக் குடிமகன் ஆக மொழிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். மனைவி பாஸ். நான் எழுதும் பகுதியில் ஒவ்வொரு தடவையும் விழுந்தேன். பிறகு போகவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள். என் அண்ணன் சாகப்போகிறார் என்று சொல்ல நினைத்தேன். அந்த மொழியில் எனக்கு அப்படி வளைத்துச் சொல்ல வராது. அண்ணன் செத்துவிட்டார் என்றுதான் வந்தது. அவள் எழும்பி வந்து துக்கம் சொன்னாள். கடதாசிக் கோப்பையில் தண்ணீர் தந்தாள். திருத்தத் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்தேன்.

போனால் திரும்பி வர முடியாமல் போகலாம் என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சட்டத்தைச் சொன்னாள். அவளில் பிழை இல்லை.

6

அந்தச் சனிக்கிழமை சிவப்பு ஒரு கோல் பின்னால் நின்றது. இரண்டாம் பாதியில் எங்கள் பெடியன் ஒருவன் தலையால் அடித்தான். கோல். நான் மியூட்டில் போட்டேன். இங்கே மத்தியஸ்தர் காதில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டுக்கு வெளியே இருந்த ரீவிக்கு ஓடினார். பார்த்தார். கையைக் குறுக்கே வீசினார். கோல் இல்லை. அடித்தவனுக்கு முன்னால் நின்ற பெடியன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

அவர் கையை வீசிய அந்த நேரத்தில்தான் ஊரில் கோல் விழுந்தது.

"கோல்! கோல்! கோல்!"

அண்ணன் கத்துகிறார். நளீம் காக்கா கதிரையைத் தட்டுகிறார். அண்ணி குசினியில் இருந்து, "மெதுவா, மெதுவா! வயிறு!" என்கிறா. அண்ணன் சிரிக்கிறார். "புண் ஆறிட்டுதடி! இப்ப ஆறிட்டுது!"

நான் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு அவர்கள் பக்கமும் மத்தியஸ்தர் ஓடினார். பார்த்தார். கையை வீசினார்.

"கொள்ளையடிக்கிறான்கள் அண்ணே!" நளீம் காக்கா கத்தினார். "அடிச்சவன் என்ன பிழை விட்டவன்? விட்டா என்ன? சந்தோசமா இருந்தம்தானே? ஆருக்கு நட்டம்?"

"பொய்க் கோலோட வெண்டு என்ன செய்ய நளீம்?"

"எனக்குப் பொய்க் கோலும் பரவாயில்லை. இந்த ஆத்திரத்தோட தொழப் போறன். அல்லாஹ் மன்னிக்கட்டும்." மஃரிப் நேரம். அவர் எழும்பிப் போனார். அண்ணி விளக்கு வைக்கப் போய்விட்டா.

"தம்பி."

மியூட்டை எடுத்தேன். "ம்."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னவை?"

"புண் எண்டு அண்ணி..."

"அவள் எனக்குச் சொன்னது எனக்குத் தெரியும். உனக்குச் சொன்னதைக் கேக்கிறன்."

என் ரீவியில் சிவப்பின் கோச் பின்வரிசை ஆள் ஒருவனை வெளியே எடுத்துவிட்டு முன்னுக்கு இன்னொருவனை விட்டார்.

"நளீம் கொஞ்ச நாளா என்னோட சண்டை பிடிக்கிறானில்லை. நான் எதைச் சொன்னாலும் ஓம் அண்ணே, ஓம் அண்ணே எண்டுறான். இண்டைக்குத்தான் தன்னை மறந்து வாயாடினவன். நாங்கள் கோலைக் கண்டாப் பிறகும் நீ கதைக்கிறதில்லை. எனக்கு விளங்காதோ? கிழிஞ்ச வலையைக் கண்டாப் பிறகும் கோலெண்டு ஊதிக்கொண்டிருக்கச் சொல்றீங்களோ?"

"கான்சர் அண்ணே," என்றேன். "ஈரலில. பரவிட்டுது."

வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. தேடியிருந்தாலும் வந்திருக்காது.

அண்ணன் ரீவிச் சத்தத்தைக் குறைத்தார்.

"எவ்வளவு காலம்?"

"சொல்லேலாதாம். கனக்க இல்லை."

"கொழும்புக்கெண்டு நிக்கிறாள். அதுக்குத்தானோ?"

"ஓம்."

"அங்க போனா?"

"கொஞ்சம் கூட நிக்கலாமாம்."

"ம்." பிறகு, "இஞ்ச பார், மாத்திட்டான். முன்னுக்கு ஆளை விட்டிட்டான். நல்ல வேலை. பின்னுக்கு நிக்கிற நேரத்தில இருக்கிறதைக் காத்துக்கொண்டு இருந்து என்ன பிரயோசனம்," என்றார். குரல் அதே குரல்தான்.

"எனக்குத் தெரியுமெண்டு அவளுக்குச் சொல்லாத," என்றார்.

ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தோம். சிவப்பு தோற்றது.

7

அண்ணன் கொழும்புக்குப் போகவில்லை. அண்ணி கெஞ்சினா. அழுதா. நளீம் காக்கா லொறியோடு வந்து வாசலில் நின்றார். "புண்ணுக்கு ஏன் கொழும்பு?" என்று அண்ணன் கேட்டாராம். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த நாட்களில் அண்ணன் பின்னேரங்களில் மைதானத்துக்குப் போனார். ஊர்ப் பெடியன்களைப் பழக்கினார். நிற்க முடியாமல் போனபோது கோட்டுக்கு அருகில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருந்தார். சுற்றுப்போட்டி ஒன்று வந்தது. நளீம் காக்கா போனைப் பிடித்து எனக்குக் காட்டினார். படம் ஆடியது. அண்ணன் மெலிந்து சட்டை தொங்கியது.

பாதிநேரத்தில் பெடியன்கள் சுற்றி நின்றார்கள்.

"காத்து கடலில இருந்து வருது. உயர்த்தி அடிச்சா பந்து உங்களிட்டையே திரும்பி வரும். அந்த நெட்டையனை வெளியில எடு. கட்டையனை விடு. நிலத்தோட குடுங்கோ, நிலத்தோட."

கட்டையன் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் கோல் அடித்தான். கோட்டு மத்தியஸ்தர் கொடியைத் தூக்கினார். சனம் "வீடியோ! வீடியோ!" என்று கத்தியது. ஒருவர் தன் போனில் எடுத்திருந்தார். அதைக் கொண்டு ஓடிவந்தார். மத்தியஸ்தரிடம் இல்லை. அண்ணனிடம்.

அண்ணன் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"ஓஃப்சைட்."

"அண்ணே, இது எங்கட ரீம்!" என்றார் போன் கொண்டுவந்தவர்.

"அதுக்கென்ன?"

நளீம் காக்கா சிரித்ததில் படம் முழுக்க ஆடியது. எனக்கு மண்தான் தெரிந்தது.

மாரி மழை தொடங்க முன்னம் அண்ணன் செத்துப்போனார். செத்தவீட்டைப் போனில் காட்டுகிறேன் என்றார் நளீம் காக்கா. வேண்டாம் என்றேன். வேலைக்குப் போனேன். துணி மடித்தேன்.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்தபிறகு அண்ணி எடுத்தா.

"நீங்கள்தான் சொன்னீங்களோ?"

"ஓம் அண்ணி."

"சாக முதல்நாள்தான் எனக்குச் சொன்னவர், தம்பி சொன்னவன் எண்டு. நான் இவ்வளவு நாளும் ஆரை ஏமாத்திக்கொண்டு இருந்தனான்? ஒவ்வொரு நாளும் புண், புண் எண்டு சிரிச்சு. அவரும் சிரிச்சவர்."

அண்ணி நிறுத்தவில்லை.

"உங்களுக்கு அங்க இருந்துகொண்டு ஒரு சொல். எனக்கு இஞ்ச ஒரு மனிசன். மருந்து ஏத்தியிருந்தா இந்த மாரி முடியுமட்டும் இருந்திருப்பார்."

வைத்துவிட்டா. அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நான் எடுத்தால் எடுப்பதில்லை.

அண்ணன் கேட்டார். சொன்னேன். மகள் அதுதான் சரி என்கிறாள். அண்ணி சொல்வதும் பொய் இல்லை. இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்க்க ஒரு ரீவி இதற்கு இல்லை.

8

நேற்று திவசம். மனைவி விடியவே மரக்கறி சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், லீவு கிடைக்கவில்லை. நான் லீவு எடுத்தேன்.

திவசத்தன்று படைத்து, காகத்துக்கு வைத்து, அதன் பிறகுதான் வீட்டு ஆட்கள் வாயில் வைப்பார்கள். நான் காலையில் இருந்து தண்ணீர் மட்டும் குடித்தேன். அங்கே மத்தியானம் வந்திருக்கும். தாண்டியும் இருக்கும். படைத்திருப்பார்கள் என்று தெரியும். ஆனால் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் சாப்பிட மனம் வரவில்லை.

ஆரணி எடுத்தாள். "என்ன அப்பா, இன்னும் சாப்பிடேல்லயா? அங்க பின்னேரம் ஆயிட்டு. நேரத்தைப் பாருங்கோ. முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்," என்றேன்.

"பிறகென்ன?"

அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. "சாப்பிடுறன்," என்று சொல்லி வைத்தேன். சாப்பிடவில்லை. கதிரையில் இருந்தேன். வெளியே மழை பெய்தது.

இங்கே மத்தியானம் தாண்டியபிறகு போன் அடித்தது. நளீம் காக்கா.

"தம்பி, அண்ணன்ட வீட்டதான் நிக்கிறன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சனம் வந்து சாப்பிட்டுப் போயிட்டுது. எனக்கும் இலை போட்டவ."

"சந்தோசம் காக்கா."

"நானா எடுக்கேல்ல தம்பி. எடுக்கச் சொன்னவ."

பின்னால் ஏனங்கள் கழுவுகிற சத்தம் கேட்டது. அது நின்றது. பிறகு அண்ணியின் குரல், தூரத்தில் இருந்து.

"படைச்சு முடிஞ்சுதெண்டு தம்பிக்குச் சொல்லுங்கோ காக்கா. சாப்பிடாமல்தான் இருப்பார். சாப்பிடச் சொல்லுங்கோ."

"கேட்டுதோ தம்பி?" என்றார் நளீம் காக்கா.

"கேட்டுது."

"அப்ப நான் சொல்லத் தேவையில்லை."

"நீங்களும் சொல்லுங்கோ காக்கா," என்றேன்.

அவர் சொன்னார். போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். சோறு ஆறியிருந்தது. சூடாக்கவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன்.